மோதிக்கொள்ளாத துகள்களும் அவற்றை ஆட்டிவைக்கும் அலைகளும்

சூரியக் காற்று என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே படம்தான். இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் பூமி, நடுவில் மஞ்சள் அம்புகள். பூமியைச் சுற்றி நீலக் கோடுகளாகக் காந்தப்புலம். அம்புகள் வந்து நீலக் கோட்டைத் தொட்டதும் சமர்த்தாக இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். படம் பொய் இல்லை. ஆனால் அதில் எல்லாமே ஒரே திசையில் நடக்கிறது: காற்று வருகிறது, கோள் தடுக்கிறது, அவ்வளவுதான். உண்மையில், காற்று இன்னும் கோளை நெருங்காத இடத்திலேயே ஒரு கூட்டம் துகள்கள் எதிர்த்திசையில், சூரியனை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். அவை போகிற வழியில் அலைகளைக் கிளப்பும், அந்த அலைகள் மறுபடி துகள்களைப் பிடித்து ஆட்டும், அந்த ஆட்டத்தில் சில துகள்கள் வந்தபோது இருந்ததைவிட நூறு மடங்கு ஆற்றலோடு வெளியேறும். என்னைக் கேட்டால், சூரியக் காற்றும் கோளும் சந்திக்கும் கதையில் சுவாரசியமான பாதி அங்கேதான் நடக்கிறது. படத்தில் அது வெறும் வெள்ளை இடம்.

முதலில் இந்தக் காற்று எவ்வளவு மெல்லியது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 5 புரோட்டான்கள், அதே அளவு எலெக்ட்ரான்கள், கொஞ்சம் ஹீலியம். வேகம் விநாடிக்கு 300 முதல் 800 கி.மீ. கூடவே சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதன் வலிமை சுமார் 5 நானோடெஸ்லா, பூமியின் தரையில் இருக்கும் காந்தப்புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. சூரியக் காற்றின் ஒரு புரோட்டானோ, சூரியனிலிருந்து பூமி வரைக்குமான 15 கோடி கி.மீ. பயணத்தில் ஒரு முறை மோதினால் அதிகம்.

வாயு என்றால் நமக்குத் தெரிந்த எல்லாக் குணங்களுக்கும் மோதல்தான் அடிப்படை. அழுத்தம், ஒலி, வெப்பம் பரவுவது, ஒலியைவிட வேகமாகப் போகும் விமானத்தின் முன்னால் எழும் அதிர்ச்சி அலை, எல்லாமே மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால் வருபவை. அப்படியானால் மோதலே இல்லாத காற்று ஒரு கோளின் முன்னால் வரும்போது, முன்னால் தடை இருக்கிறது என்ற தகவல் பின்னால் வருபவற்றுக்கு எப்படிப் போய்ச்சேரும்? யார் யாரைத் தள்ளுவது? சூரியக் காற்று இருக்க வேண்டும் என்று யூஜின் பார்க்கர் 1958-இல் கணக்குப் போட்டுச் சொன்னபோதே பலர் நம்பவில்லை. 1962-இல் வெள்ளிக்குப் போன மாரினர் 2 அதை வழியெல்லாம் அளந்து காட்டிய பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. அடுத்த சண்டை, மோதல் இல்லாத வாயுவில் அதிர்ச்சி அலை சாத்தியமா என்பது. அதற்கு 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐ.எம்.பி.-1 செயற்கைக்கோள் பதில் சொன்னது. பூமியிலிருந்து ஏறத்தாழ 90,000 கி.மீ. தொலைவில், சூரியன் பக்கமாக, வில்போல் வளைந்த ஓர் அதிர்ச்சி முகப்பு நிரந்தரமாக நிற்கிறது.

அந்த முகப்பின் தடிமன்தான் ஆச்சரியம். சில நூறு கி.மீ.-க்குள் காற்றின் வேகம் சடாரென்று குறைகிறது, அடர்த்தியும் காந்தப்புலமும் மூன்று நான்கு மடங்கு ஏறுகின்றன, பிளாஸ்மா, அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே பிரிந்து ஓடும் இந்த வாயு, கொதிக்கிறது. மோதலுக்கே 15 கோடி கி.மீ. வேண்டும் என்கிற இடத்தில் சில நூறு கி.மீ.-க்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது என்றால், மோதல் செய்ய வேண்டிய வேலையை வேறு ஏதோ செய்கிறது என்று அர்த்தம். அந்த ஏதோதான் மின்புலமும் காந்தப்புலமும், அவற்றில் ஓடும் அலைகளும். துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை, அலைகளோடு மோதுகின்றன. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் புதன் முதல் யுரேனஸ் வரை எல்லாக் கோளின் முன்புறமும் ஒரே கதையாகத் தெரியும், பாத்திரங்கள் மட்டும் மாறும்.

சரி, எதிர்த்திசையில் ஓடும் துகள்கள் எங்கிருந்து வந்தன? அதிர்ச்சி முகப்பில் மின்புலமும் காந்தப்புலமும் திடீரென்று ஏறுவதால், வரும் புரோட்டான்களில் பத்தில் ஒன்றோ இரண்டோ அந்த ஏற்றத்தைக் கடக்க முடியாமல் திரும்பிவிடுகின்றன. இப்படித் திருப்பி அனுப்புவதே முகப்பு தன் வேலையைச் செய்யும் முறைகளில் ஒன்று. திரும்பிய துகள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காந்தப்புலத்தின் கோணம் முடிவு செய்கிறது. மின்னூட்டம் உள்ள துகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருண்டுகொண்டு அதன் வழியாகத்தான் போக முடியும், குறுக்கே தாண்ட முடியாது. காந்தக் கோடு முகப்புக்கு இணையாகப் படுத்திருந்தால், திரும்பிய துகள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முகப்பிலேயே வந்து விழும். கோடு முகப்பைக் குத்துவதுபோல் நின்றால், துகளுக்குப் பாதை திறந்துகிடக்கிறது, சூரியன் பக்கம் லட்சக்கணக்கான கி.மீ. வரை ஓடலாம்.

சூரியன் சுழல்வதால் அது அனுப்பும் காந்தக் கோடுகள் சுருள் வடிவத்தில் இருக்கும். பூமியின் தூரத்தில் சூரியக் கதிர்த்திசைக்கும் கோட்டுக்கும் சராசரியாக 45 டிகிரி கோணம். எனவே வளைந்த முகப்பின் ஒரு பக்கம், பெரும்பாலும் பூமியின் காலைப் பக்கம், குத்து நிலையிலும் மாலைப் பக்கம் படுக்கை நிலையிலும் இருக்கின்றன. காலைப் பக்கத்தின் முன்னால் துகள்களும் அலைகளும் நிரம்பிய பெரிய பகுதி உருவாகிறது. முன் அதிர்ச்சிப் பகுதி என்று சொல்லலாம். காற்றில் காந்தத் திசை மாறினால் சில நிமிடங்களிலேயே அந்தப் பகுதி முழுவதும் இடம் மாறிவிடும். அதனால் ஒரே இடத்தில் இருக்கும் செயற்கைக்கோள் காலையில் அமைதியான சூரியக் காற்றையும், அரை மணி கழித்து அலைக்காட்டையும் பார்க்கலாம், அது ஒரு கி.மீ.கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் ஓரத்தில் முதலில் வருபவை எலெக்ட்ரான்கள். காரணம் எளிது. காந்தக் கோடுகளைக் காற்று பூமிப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது, முகப்பிலிருந்து கிளம்பிய துகள் மெதுவானதாக இருந்தால் கோட்டோடு சேர்ந்து உள்ளே தள்ளப்பட்டுவிடும், வேகமானவை மட்டும் ஓரம் வரை எட்டும். ஆகவே முன் விளிம்பில் இருப்பது வேகமான எலெக்ட்ரான்களின் மெல்லிய கற்றை, அயனிகள் இன்னும் பின்தள்ளி. அமைதியான பிளாஸ்மாவுக்குள் வேகமான கற்றை ஒன்று நுழைந்தால் அது நிலைத்திருக்காது. தன் ஆற்றலை அலைகளாகக் கொட்டும். லாங்மியூர் அலைகள் என்று இவற்றுக்குப் பெயர், 1920-களில் ஆய்வகக் குழாய்களில் இவற்றை ஆராய்ந்த இர்விங் லாங்மியூரின் பெயர். எலெக்ட்ரான்கள் மொத்தமாக முன்னும் பின்னும் ஊசலாடும் அலை. இதன் அதிர்வெண் எலெக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பெரும்பாலும் சார்ந்தது: கன சென்டிமீட்டருக்கு 5 என்றால் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓர் இடத்தில் பெரிதாக உதவப்போகிறது.

இதில் ஒரு பழைய சிக்கல் உண்டு. கற்றை தன் ஆற்றலை அலையாகக் கொட்டுகிறது என்றால், கணக்குப்படி அது கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே காலியாகிவிட வேண்டும். ஆனால் சூரிய வெடிப்புகளிலிருந்து கிளம்பும் இதே மாதிரியான கற்றைகள் பூமி வரையும் அதைத் தாண்டியும் போகின்றன, வழியெல்லாம் வானொலி இரைச்சலையும் கிளப்புகின்றன. 1964-இல் பீட்டர் ஸ்டரக் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். எழுபதுகளின் நடுவில் ஹீலியோஸ் விண்கலங்கள் அந்த வானொலி வெடிப்புகளோடு சேர்ந்த லாங்மியூர் அலைகளை நேரடியாகவே அளந்தன. அளந்தபோது தெரிந்தது, அலைகள் ஒரே சீராக இல்லை, திட்டுத் திட்டாக இருக்கின்றன. இங்கே ஒரு கணம் பலமாக, அடுத்த கணம் ஒன்றுமே இல்லாமல். காற்றின் அடர்த்தியில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களால் அலை சில இடங்களில் மட்டும் வளர்கிறது, மற்ற இடங்களில் கற்றை தன் ஆற்றலைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்த விளக்கத்தைத்தான் இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள், எல்லா விவரத்திலும் அல்ல.

அயனிகளின் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகவும், எனக்கு இன்னும் பிடித்ததாகவும் ஆகிறது. முகப்பிலிருந்து திரும்பி ஓடும் புரோட்டான்கள் காந்தப்புலத்திலேயே பெரிய, மெதுவான அலைகளை எழுப்புகின்றன. பூமிக்கு முன்னால் இவை ஏறத்தாழ 30 விநாடிக்கு ஒரு முறை வந்துபோகும், ஓர் அலையின் நீளம் பூமியின் ஆரம் அளவுக்கு இருக்கும். இவற்றை அளந்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஒரு குழப்பம். அளவீட்டில் அலை இடப்பக்கமாகச் சுழல்வதாகத் தெரிந்தது, கோட்பாடோ வலப்பக்கமாகச் சுழல வேண்டும் என்றது. இரண்டும் சரிதான். அலை உண்மையில் சூரியனை நோக்கி நகர முயல்கிறது, ஆனால் அதன் வேகம் விநாடிக்குச் சில பத்து கி.மீ.; காற்று அதை 400 கி.மீ. வேகத்தில் பூமிப் பக்கம் இழுத்துப்போகிறது. நின்றுகொண்டிருக்கும் செயற்கைக்கோளை அலை பின்பக்கமாகக் கடக்கிறது, அதனால் சுழற்சி தலைகீழாகத் தெரிகிறது. அதிர்வெண்ணும் அப்படியே, அளந்தது ஒன்று, அலையின் சொந்த அதிர்வெண் வேறு. விண்வெளி அலைகளைப் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும், இது யாருடைய நிலையிலிருந்து அளந்தது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். ஒரு செயற்கைக்கோளை வைத்து இதைப் பிரித்தறிவது பெரும்பாடு. 2000-இல் ஏவிய கிளஸ்டர் திட்டத்தில் நான்கு செயற்கைக்கோள்களை நான்முகி வடிவில் பறக்கவிட்டது இதற்காகத்தான்: ஒரே அலை நான்கு இடங்களை எந்த வரிசையில், எத்தனை விநாடி இடைவெளியில் தொடுகிறது என்று பார்த்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த அலைகள் பூமிப் பக்கம் இழுபட்டு முகப்பை நெருங்க நெருங்கச் செங்குத்தாகி, உயர்ந்து, கடைசியில் முகப்பின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அதாவது காலைப் பக்கத்தில் அதிர்ச்சி முகப்பு என்பது ஒரு சுவர் இல்லை, தன்னிடமிருந்து தப்பிய துகள்கள் கிளப்பிய அலைகளாலேயே மறுபடி மறுபடி கட்டப்படும் ஒன்று.

துகளும் அலையும் ஆற்றலை எப்படிக் கைமாற்றிக்கொள்கின்றன? புரோட்டான் காந்தக் கோட்டைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. 5 நானோடெஸ்லாவில் சுமார் 13 விநாடி. அது ஓடும் வேகத்தில் அதற்குத் தெரியும் அலையின் தாளமும் இந்தச் சுற்றின் தாளமும் ஒத்துப்போனால், ஒவ்வொரு சுற்றிலும் அலை அதை ஒரே பக்கம் தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளல்களே அதை உயரக் கொண்டுபோவது மாதிரி. தாளம் தப்பினால் ஒரு தள்ளல் இன்னொன்றை அழித்துவிடும், நிகர விளைவு ஒன்றுமில்லை. தாளம் ஒத்த துகளின் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடைசியில் முழுதாகத் திரும்பிவிடும். சூரியனை நோக்கி ஓடிய புரோட்டான் இப்போது பூமியை நோக்கி. முகப்பில் மறுபடி திருப்பப்படும். வெளியே அலைகள் மறுபடி உள்ளே அனுப்பும். அலைகள் காற்றோடு 400 கி.மீ. வேகத்தில் வருகின்றன, முகப்பின் மறுபக்கம் காற்று மெதுவாக இருக்கிறது, எனவே நெருங்கி வரும் இரண்டு தடுப்புகளுக்கு இடையில் மாட்டிய துகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் கூடித்தான் திரும்பும். அண்டக்கதிர்களுக்கு என்ரிகோ ஃபெர்மி 1949-இல் யோசித்த வழியின் இன்னொரு வடிவம் இது. அதிர்ச்சி முகப்புகளுக்கு ஏற்றபடி 1977, 78-இல் பலர் தனித்தனியாக எழுதினார்கள். சூரியக் காற்றில் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்றுக் குறைவான ஆற்றலோடு வந்த புரோட்டான், இப்படி 100, 200 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை ஏறுகிறது.

துகள் அலையை உண்டாக்குகிறதா, அலை துகளை முடுக்குகிறதா என்று கேட்டால், இரண்டும்தான், ஒன்றில்லாமல் மற்றது இல்லை. அதிக ஆற்றல் துகள்கள் சேரச் சேர அலைகள் பலக்கின்றன, அலைகள் பலக்கப் பலக்கத் துகள்கள் அதிக நேரம் மாட்டிக்கொள்கின்றன. பூமியின் முகப்பு சிறியது, சுருள் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதனால் சில நிமிடங்களில் துகள் பக்கவாட்டில் தப்பிவிடும். இல்லையென்றால் ஏறிக்கொண்டே போகும்.

தப்பியவை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் பக்கம் இருக்கும் எல்1 புள்ளியில் விண்கலங்களை நிறுத்துவது, பூமியின் பாதிப்பே இல்லாத சுத்தமான சூரியக் காற்றை அளக்கத்தான். 1978-இல் அங்கே போன ஐ.எஸ்.இ.இ.-3, பின்னால் வந்த வின்ட், ஏ.சி.இ. எல்லாமே அவ்வப்போது பூமியின் பக்கமிருந்து வரும் அயனிக் கூட்டங்களைப் பார்த்திருக்கின்றன. காந்தக் கோடு சரியாக அமைந்துவிட்டால் பூமியின் கை அங்கேயும் நீளும்.

இவை முகப்பில் முடுக்கப்பட்டவையா, இல்லை பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தமண்டலத்துக்குள்ளிருந்து கசிந்தவையா என்பது பல வருட விவாதம். பிரித்தறிய ஒரு நல்ல வழி, அயனி எத்தனை எலெக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்று பார்ப்பது. சூரியனின் பத்து லட்சம் டிகிரி வெளிமண்டலத்திலிருந்து வரும் ஆக்சிஜன் ஆறு அல்லது ஏழு எலெக்ட்ரான்களை இழந்திருக்கும். ஒரு கோளின் மேல் வளிமண்டலத்திலிருந்து கிளம்பிய ஆக்சிஜன் பெரும்பாலும் ஒன்றை மட்டும். ஆற்றல் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாலும் பிறந்த இடத்தை இது காட்டிக்கொடுத்துவிடும். கிடைத்த பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது: இரண்டும் உண்டு, பெரும்பகுதி முகப்பு.

அப்புறம் திடீர் நிகழ்வுகள். சூரியக் காற்றில் காந்தத் திசை சட்டென்று மாறும் மெல்லிய தாள் ஒன்று முன் அதிர்ச்சிப் பகுதியில் வந்து விழுந்தால், அங்கே சுற்றிக்கொண்டிருந்த அயனிகள் ஓரிடத்தில் குவிந்து, சூடாகி, குமிழி மாதிரி விரிகின்றன. பூமி அளவுக்கும், சில சமயம் அதைவிடப் பல மடங்கும் பெரிதாகும். அதன் ஓரத்தில் புதிதாக ஒரு சின்ன அதிர்ச்சி முகப்பு, அதற்கு முன்னால் அதற்கே ஒரு முன் அதிர்ச்சிப் பகுதி. சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் போய்விடும். தெமிஸ் செயற்கைக்கோள்களின் பதிவுகளில் இந்த மாதிரி இடங்களில் எலெக்ட்ரான்கள் 300 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை போனது 2016-இல் வெளியானது. அந்த ஆற்றலில் எலெக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். பூமியின் முகப்பு மிதமான ஒன்று, எலெக்ட்ரான்களை இந்த அளவுக்கு முடுக்க அதற்குச் சக்தி கிடையாது என்ற எண்ணம்தான் அதுவரை பொதுவாக இருந்தது.

இனி மற்ற கோள்கள். வெள்ளியை வேகமாகக் கடந்துவிடலாம். அதற்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள அடுக்கே காற்றைத் தடுக்கிறது, முகப்பு கோளிலிருந்து சில ஆயிரம் கி.மீ.-க்குள் ஒட்டி நிற்கிறது. முன் அதிர்ச்சிப் பகுதி உண்டு, ஆனால் சின்னது. புதனுக்குக் காந்தப்புலம் உண்டு, பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு. சூரியனுக்கு அருகில் என்பதால் காற்று அங்கே பல மடங்கு அடர்த்தி, காந்தமண்டலம் கோளை ஒட்டிய மெல்லிய உறை மாதிரிதான். ஆற்றல் மிக்க துகள்கள் சிறைபட்டுச் சுற்றும் நிலையான கதிர்வீச்சு வளையத்துக்கு அங்கே இடமே இல்லை. அப்படியிருந்தும் 1974-இல் மாரினர் 10, பின்னால் 2011 முதல் 2015 வரை சுற்றிவந்த மெசஞ்சர் இரண்டும் அங்கே ஆற்றல் மிக்க எலெக்ட்ரான் வெடிப்புகளைக் கண்டன. பெபிகொலம்போ 2021, 2022-இல் புதனைக் கடந்தபோது கோரஸ் அலைகளையும் பதிவு செய்தது, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்.

கோரஸ் என்பது காந்தமண்டலத்துக்குள் எழும் அலை. ஒலியாக மாற்றிக் கேட்டால் விடியற்காலையில் பறவைகள் கத்துவதுபோல் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். (இணையத்தில் 'விண்வெளியின் ஒலி' என்று உலாவும் பதிவுகள் பெரும்பாலும் இப்படி மாற்றப்பட்டவை. அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால் மாற்றுவது சுலபம், மற்றபடி அங்கே ஒலி எதுவும் இல்லை.) பூமியின் கதிர்வீச்சு வளையத்தில் எலெக்ட்ரான்களைப் பல மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏற்றுவது இந்தக் கோரஸ்தான் என்று 2012-இல் ஏவப்பட்ட வான் ஆலன் விண்கலங்கள் காட்டின. எலெக்ட்ரானின் சுற்றோடு தாளம் ஒத்துப்போகும் அலை, முன்பு புரோட்டானுக்குச் சொன்ன அதே வழி.

செவ்வாயில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே காற்றோடு ஆடும் துகள்கள் முகப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. செவ்வாயின் ஈர்ப்பு பலவீனம், அதன் மேல்மட்டத்து ஹைட்ரஜன் மிக உயரம் வரை, முகப்பையும் தாண்டி வெளியே பரவிக்கிடக்கிறது. முகப்பு வெறும் 2,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் இது நடக்கிறது. மின்னூட்டம் இல்லாத ஹைட்ரஜன் அணுவைக் காற்று கண்டுகொள்ளாது. ஆனால் சூரிய ஒளி பட்டோ, காற்றின் புரோட்டானோடு எலெக்ட்ரானைக் கைமாற்றியோ அது அயனியான அந்தக் கணத்திலேயே, 400 கி.மீ. வேகத்தில் கடந்துபோகும் காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அள்ளப்பட்ட அயனி காற்றின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வரை எட்டும். இப்படிப் புதிதாகப் பிறந்த புரோட்டான்களின் கூட்டம் காற்றுக்கு எதிர்க்கற்றை மாதிரிதான், எனவே அலைகளை எழுப்புகிறது. செவ்வாயில் காந்தப்புலம் 3 நானோடெஸ்லா என்று வைத்தால் அலை சுமார் 22 விநாடிக்கு ஒரு முறை, அதாவது புரோட்டான் ஒரு சுற்று முடிக்கும் அதே கால அளவு. 1989-இல் சோவியத்தின் ஃபோபோஸ் 2 இதைப் பார்த்தது, 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த மேவன் ஆண்டுக்கணக்கில் அளந்தது. செவ்வாய் சூரியனுக்கு அருகில் வரும் பருவத்தில் அலைகள் அதிகம், தள்ளிப்போகும்போது குறைவு. காரணம், அந்தப் பருவத்தில் ஹைட்ரஜன் மேலே அதிகம் ஏறுகிறது. ஆக, காந்த அலைகளை எண்ணியே செவ்வாய் எவ்வளவு ஹைட்ரஜனை, அதாவது எவ்வளவு பழைய தண்ணீரை இழக்கிறது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது.

ஆக்சிஜன் கதை வேறு. ஆக்சிஜன் அயனி புரோட்டானைப்போல் 16 மடங்கு கனம், எனவே அது சுற்றும் வட்டமும் 16 மடங்கு பெரிது. 400 கி.மீ. வேகம், 3 நானோடெஸ்லா என்று கணக்குப் போட்டால் ஆரம் 20,000 கி.மீ.-க்கு மேல், செவ்வாயின் ஆரமே 3,390 கி.மீ.தான். ஒரு சுற்றுகூட முடியாமல் பெரும்பாலானவை விண்வெளிக்குள் போய்விடும், சில திரும்பிவந்து வளிமண்டலத்திலேயே விழுந்து மற்ற அணுக்களைத் தெறிக்கவிடும். பிளாஸ்மாவை ஒரு திரவம் மாதிரிக் கணக்கிடும் மாதிரிகள் செவ்வாயில் தடுமாறுவது இதனால்தான். அங்கே துகளின் வட்டம் கோளைவிடப் பெரிது.

2022 டிசம்பரில் அங்கே ஒரு விசித்திரம். வேகமான காற்று மெதுவான காற்றை முந்திக்கொண்டு போனதில், பின்னால் ஏறக்குறைய வெற்றிடம் ஒன்று உருவாகிச் செவ்வாயைக் கடந்தது. காற்றின் அடர்த்தி நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. செவ்வாயைச் சுற்றியிருந்த பிளாஸ்மா உறை ஆயிரக்கணக்கான கி.மீ. வெளியே விரிந்தது. அப்போது சுற்றிவந்துகொண்டிருந்த மேவன், காற்றே ஏறத்தாழ இல்லாத செவ்வாயை அளந்தது.

வியாழன் எப்போதும்போல் தன் அளவில் தனி. அங்கே காந்தமண்டலத்துக்குள்ளேயே எலெக்ட்ரான்கள் பல மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறி, வெளியே சூரியக் காற்றில் கசிகின்றன. பயனியர் 10 வியாழனை 1973 டிசம்பரில் அடைவதற்கு முன்பே, வழியிலேயே இவற்றைப் பார்த்துவிட்டது. அப்புறம் பழைய பதிவுகளைப் புரட்டினால், பூமிக்கு அருகே பல வருடங்களாகப் பதிவாகியிருந்த எலெக்ட்ரான் கூட்டங்களும் இவையேதான். 13 மாதத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன, ஏனென்றால் வியாழனையும் பூமியையும் ஒரே சுருள் காந்தக் கோடு இணைப்பது அந்த இடைவெளியில்தான் திரும்ப வரும். 60 கோடி கி.மீ.-க்கு அப்பால் இருக்கும் ஒரு கோளின் துகள்கள் காற்றுக்கு எதிராக நீந்தி இங்கே வந்துசேர்கின்றன. உள் சூரிய மண்டலத்தில் சில மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில், எலெக்ட்ரான்களின் முக்கிய ஊற்று வியாழன்தான்.

சனியில் காசினி விண்கலம் பலமுறை அதிர்ச்சி முகப்பைக் கடந்தது. அவற்றில் 2007 பிப்ரவரி 3 அன்று கடந்தது வழக்கத்துக்கு மாறான ஒன்று. காற்றின் வேகம் அலைகளின் வேகத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு. பூமியில் இது பத்துக்குள். காந்தக் கோடும் அன்று முகப்பைக் குத்தும் நிலை. அங்கே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்பட்டிருந்தன. நட்சத்திரம் வெடித்த பின் விரியும் அதிர்ச்சி முகப்புகள் இந்த மாதிரி வலிமை கொண்டவை, அண்டக்கதிர்கள் அங்கேதான் பிறக்கின்றன என்று நம்புகிறோம், ஆனால் அவற்றுக்குள் கருவியை அனுப்ப வழியில்லை. அவற்றுக்கு ஓரளவு நெருக்கமான ஒன்றைக் காசினி நேரில் கடந்துவிட்டது. ஒரே ஒரு கடப்பு, ஒரே ஒரு விண்கலம். அதை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

யுரேனஸில் இந்தத் தயக்கம் இன்னும் பெரிது. அங்கே போன ஒரே விண்கலம் வாயேஜர் 2, 1986 ஜனவரியில் சில மணி நேரம். கடுமையான எலெக்ட்ரான் வளையத்தையும் பலமான அலைகளையும் பார்த்தது, பிளாஸ்மாவோ எதிர்பாராத அளவுக்குக் குறைவு. இத்தனை வருடம் யுரேனஸ் என்றாலே விசித்திரம் என்று சொல்லிவந்தோம். 2024-இல் அந்தப் பழைய தரவை மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள், வாயேஜர் போய்ச்சேர்வதற்குச் சற்று முன்புதான் பலமான சூரியக் காற்று வந்து காந்தமண்டலத்தின் கன அளவைச் சாதாரணத்தில் ஐந்தில் ஒரு பங்காக நசுக்கியிருந்தது என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட நிலை மொத்த நேரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்குமாம். நாம் கோளை அளந்தோமா, அன்றைய காற்றை அளந்தோமா?

நினைவில் வைக்கச் சொன்ன அந்த லாங்மியூர் அலைக்கு இப்போது வருவோம். வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டதா என்று 2012-இல் பெரிய விவாதம். அடர்த்தியை அளந்தால் தெரிந்துவிடும், ஆனால் அதன் பிளாஸ்மா கருவி 1980-லேயே செயலிழந்துவிட்டது. டொனால்டு கர்னெட்டின் குழு வைத்திருந்தது, 10 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஆண்டெனாக்களையும் ஓர் அலைப் பதிவுக் கருவியையும் மட்டும்தான். 2012 மார்ச்சில் சூரியன் வெடித்து அனுப்பிய அதிர்ச்சி ஒரு வருடத்துக்கு மேல் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜரை நெருங்கியது. அதன் முன்னால் எலெக்ட்ரான் கற்றை ஓடியது, கற்றை லாங்மியூர் அலைகளை எழுப்பியது. பூமிக்கு முன்னால் நடக்கும் அதே சங்கதி. ஆண்டெனாவில் பதிவான அதிர்வெண் 2.6 கிலோஹெர்ட்ஸ், கணக்குப் போட்டால் கன சென்டிமீட்டருக்கு 0.08 எலெக்ட்ரான், எல்லைக்கு உள்ளே இருந்திருந்தால் இதில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, 2012 ஆகஸ்ட் 25 அன்றே அது வெளியே போய்விட்டது என்று முடிவானது.

இப்போது குறை எங்கே என்றால், எண்ணிக்கையில்தான். பூமிக்கு முன்னால் கிளஸ்டர், தெமிஸ், 2015 முதல் எம்.எம்.எஸ். என்று கூட்டம் கூட்டமாகச் செயற்கைக்கோள்கள் பறந்ததால்தான் அலை எந்தத் திசையில் போகிறது, துகள் எங்கே முடுக்கப்பட்டது என்று பிரிக்க முடிந்தது. மற்ற கோள்களில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அது பார்த்த மாற்றம் காற்றில் நடந்ததா, விண்கலம் இடம் மாறியதால் தெரிந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புதனுக்கு பெபிகொலம்போ இரண்டு சுற்றுக்கலங்களைக் கொண்டுபோகிறது, ஒன்று கோளை ஒட்டியும் மற்றது காந்தமண்டலத்தின் குறுக்கே நீண்ட பாதையிலும் சுற்றும். செவ்வாய்க்கு எஸ்கபேட் என்ற இரட்டைக் கலங்கள் 2025 நவம்பரில் கிளம்பின. ஒன்று முகப்புக்கு வெளியே காற்றை அளக்கும் அதே நேரத்தில் மற்றது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தால், 20,000 கி.மீ. வட்டமடிக்கும் ஆக்சிஜன் அயனிகளைக் காற்றின் எந்த மாற்றம் எத்தனை நிமிடத்தில் வெளியே இழுக்கிறது என்ற கேள்விக்கு முதல்முறையாக நேரடிப் பதில் கிடைக்கும்.